கழற்றி அனுப்பிய பெயர்த் தகடுகள்

“நம்ம ஸ்கூல் கூரையே ஒழுகுது. பெஞ்சு ஆடுது. இத விட்டுட்டு நீ ஆப்பிரிக்காவுக்குப் பெட்டி அனுப்பப் போறியா? நல்லா படிச்ச போ!”

டெங்கில் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. நான் படித்த பள்ளி அது. அவர் எனக்கும் பாடம் எடுத்தவர். பேசும்போது கையை மேசையில் ஊன்றினார். மேசையும் அவர் சொன்னதை ஆமோதிப்பது போல ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பஸ் ஏறி, நகரத்தில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் மாடி அறைக்கு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியும் என்னோடு ஏறிக்கொண்டது. நெடுநாள் இறங்கவே இல்லை.

இந்த மாதத்தோடு நம் பெட்டித் தொழிலின் பொறுப்பிலிருந்து நான் விலகுகிறேன். முப்பது வயதானவர்கள் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பது நாங்களே வைத்த விதி. வைத்தபோது எங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. முப்பது என்பது வேறு யாருக்கோ வரும் வயது என்று நினைத்திருந்தோம். எனக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கட்டுரையை இந்த வயதில் எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் வேலையில் நான் ஓய்வு பெற்றவள்தான். சாவியைக் கொடுத்துவிட்டால் இந்த மாடி அறைக்குள் நுழைய நானும் கதவைத் தட்ட வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பெட்டி அடுக்குவதையும் துறைமுகத்தில் தாள்களை முடிப்பதையும் நான் எழுதித் தர வேண்டியதில்லை. இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பிஸ்கட் டின்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உள்ளே ஏதோ கலகலக்கிறதே, என்னக்கா அது என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர், அப்பா இல்லை. அம்மாவின் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் தோட்டத்துச் செக்ரோல்தான். வேலைக்கு வந்தாரா, வரவில்லையா என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி குறிக்கிற அந்தத் தாளில் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவருடைய மகள் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி, கம்பெனி வேலைக்குப் போகாமல், நாலைந்து பேரோடு சேர்ந்து ஒரு மாடி அறையில் மரப்பெட்டி செய்ய உட்கார்ந்தாள். அதை எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் விளக்க முடியவில்லை. “தச்சு வேலையா?” என்று கேட்டார்கள்.

ஷா ஆலம் தொழிற்சாலைகளில் கழித்துப் போடுகிற காந்தம், சின்ன மோட்டார், கண்ணாடி வில்லை, பல்பு இவற்றை வாங்கி வந்து, அறிவியல் பாடத்துக்கு வேண்டிய சாமான்களாகப் பெட்டியில் அடுக்குவோம். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கு அந்தப் பெட்டிதான் ஆய்வுக்கூடம். முதலில் சுபாங் ஜெயாவில் உள்ள டியூஷன் சென்டர்களுக்கு மட்டும்தான் விற்றோம். ஆப்பிரிக்கா எங்கள் யார் மனதிலும் இல்லை. அது நேமாவால் வந்தது.

நேமா தான்சானியாக்காரி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் கணக்கியல் படிக்க வந்தவள். வாடகை குறைவு என்று பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அறைக்கு இரண்டு கடை தள்ளித் தங்கியிருந்தாள். ஒருநாள் படியேறி வந்து, ஒரு பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அவளும் நாங்களும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

“இதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கு விற்பீர்களா?”

செல்வாதான் பதில் சொன்னான். அவன் எங்களில் மூத்தவன்; முதல் பெட்டியைச் செய்தவன். “விக்கறதா? சும்மாவே அனுப்பறோம்லா.”

“சும்மா வேண்டாம்,” என்றாள் நேமா. “சும்மா வந்த சாமான்கள் எங்கள் பள்ளியில் ஓர் அறை நிறைய இருக்கின்றன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து பூட்டி வைத்திருக்கிறார்கள். பாதிக் காசு ஊர் தரும். சொந்தக் காசு போட்டால்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள்.”

நம் தொழிலின் விதியே அன்று அந்த மாடி அறையில்தான் பிறந்தது. இங்கே முழு விலை, அங்கே பாதி. மீதிப் பாதி இங்கே வரும் லாபத்திலிருந்து.

நேமாவின் அப்பா தங்கள் கிராமத்தில் சோளம் பயிரிடுபவர், பள்ளிப் பெற்றோர் குழுவின் பொருளாளர். அறுவடை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பேசி, சோளம் விற்ற காசில் ஒரு பங்கை வாங்கிச் சேர்த்தார். எங்களை அவர் பார்த்ததில்லை. மகள் சொன்னாள் என்பதற்காக, முகம் தெரியாத எங்களுக்காக ஊரிடம் வாக்குக் கொடுத்தார். பணமும் வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கத்துப் பாதியில்தான் துண்டு விழுந்தது. டியூஷன் சென்டர்கள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. அப்போதுதான் கிள்ளான் அங்கிள் வந்தார். கிள்ளான் ஊரில் லோரிக் கம்பெனி முதலாளி. கோயில் குழுவில் இருப்பவர். நாங்கள் கேட்பதற்கு முன்பே தருகிறேன் என்றார். துறைமுகம் வரை லோரியும் இலவசம். ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

“எங்கம்மா பேரு அஞ்சலை. பால் மரம் வெட்டித்தான் எங்கள வளத்தாங்க. கையெழுத்துப் போடத் தெரியாது. அவங்க இருந்த வரைக்கும் அந்தப் பேரு எங்கயும் எழுதி நான் பாத்ததில்ல. பள்ளிக்கூடச் சாமான்ல எழுதுங்க. புள்ளைங்க படிக்கட்டும்.”

இதைக் கேட்டபோது என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்களில் யாருக்கும் இதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. கோயில் மின்விசிறியில் உபயம், சுவர்க் கடிகாரத்தில் உபயம், செருப்பு வைக்கிற ரேக்கில்கூட உபயம் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கொடுத்தவர் பெயரைப் பொருளில் எழுதுவது எங்களுக்கு மூச்சு விடுவது போல. கிள்ளானில் பரிசுக் கோப்பை செய்கிற கடையில் தகடுகள் அடித்தோம். ‘உபயம்: அமரர் அஞ்சலை அம்மாள் நினைவாக’ என்று தமிழிலும், கீழே அதையே ஆங்கிலத்திலும். பார்க்க அழகாக இருந்தது. நேமாவுக்கு அந்த வாரம் பரீட்சை. அவள் வந்து பார்ப்பதற்கு முன் பெட்டிகள் கப்பலேறிவிட்டன.

கல்லூரி விடுமுறைக்கு ஊர் போன நேமா, திரும்பி வந்த அன்றே எங்கள் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின். செல்வா ஆசையாக வாங்கித் திறந்தான்.

“என்னா இது? தகடுலா எல்லாம்.”

நேமா உட்காரவில்லை. “பெட்டிகளை ஊர் முன்னால் திறந்தார்கள். பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒரு பையன் தகட்டைச் சத்தமாகப் படித்தான். நன்கொடை என்று. ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: ‘இது நன்கொடை என்றால், எங்கள் சோளக் காசு எங்கே?’”

செல்வா டின்னை மேசையில் வைத்தான்.

“எல்லாரும் என் அப்பாவைப் பார்த்தார்கள்,” என்றாள்.

நாங்கள் நன்றி என்று நினைத்து அடித்த தகடு, அங்கே ஒரு மனிதரைத் திருடனாக நிறுத்தியிருந்தது. அவர் ரசீதைக் காட்டியிருக்கிறார். மகளோடு பழகியவர்கள் எழுதித் தந்த ரசீது தானே என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவரே ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார். தூக்கி எறியவில்லை. யாரோ ஒருவருடைய தாயின் பெயர் என்று மகளிடம் சொல்லி, டின்னில் போட்டுத் தந்திருக்கிறார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தவறு நடந்த இடத்திலிருந்து நாம் வெகு தூரத்தில் இருப்பதுதான் நம் தொழிலில் உள்ள அபாயம். இங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவர் தன் ஊர்த் தெருவில் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

இதற்குள் கிள்ளான் அங்கிள் அடுத்த உதவியையும் பேசியிருந்தார். அந்தப் பள்ளியிலேயே ஒரு பட்டறை கட்ட வேண்டும், இனிமேல் பெட்டிகளை அங்கேயே பிள்ளைகள் செய்து பக்கத்துப் பள்ளிகளுக்கு விற்க வேண்டும் என்பது நேமாவின் கனவு. முழுச் செலவும் தன்னுடையது என்றார் அங்கிள். வரும் வாரம் அவருடைய அம்மாவின் நினைவு நாள். கோயிலில் அன்னதானம். அதில் பட்டறையை அறிவிக்கப் போகிறார். தகடோடு பெட்டி இருக்கிற மாதிரி புகைப்படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். பெரிதாக்கி மாலை போட்டு வைப்பதற்கு.

“ஒரு ஃபோட்டோதானேலா,” என்றான் செல்வா. “இங்க மிச்சம் ஒரு பெட்டி இருக்கு. தகட்ட மாட்டு, எடு, கழட்டு. யாருக்கு நஷ்டம்? அங்கிளுக்கு சந்தோசம், அவங்களுக்குப் பட்டறை.”

“பட்டறையில் என்ன எழுதுவார்?” என்று நேமா கேட்டாள்.

சுவரில் என்ன எழுதுவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“முழுப் பட்டறையும் இலவசமாக வந்தால் ஊர் என்ன சொல்லும்? பட்டறையையே சும்மா கொடுப்பவர்கள் பெட்டிக்கா காசு வாங்கியிருப்பார்கள் என்று சொல்லும். என் அப்பா அந்த ஊரில்தான் சாகும்வரை இருக்க வேண்டும்.”

“அப்ப பட்டறை வேணாமா? உன்னோட ஐடியாதானே?” என்றான் செல்வா.

“வேண்டும்,” என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். “ரொம்ப வேண்டும்.”

வாக்கெடுப்பு போல ஒன்று நடந்தது. கையெல்லாம் தூக்கவில்லை, முகங்களைப் பார்த்தாலே போதுமாயிருந்தது. புகைப்படம் எடுத்து அனுப்பிவிடலாம், அப்புறம் மெல்ல அங்கிளிடம் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் பெரும்பான்மை. செல்வா என்னிடம் தனியாகச் சொன்னான்: “தேவகி, நீ பிடிவாதம் பிடிச்சா இந்த ரூமே இருக்காது. அங்கிள் இல்லன்னா நாம யாரு?” அவன் சொன்னது உண்மைதான். அவனும் நானும் எத்தனையோ முறை ஷா ஆலத்திலிருந்து காடி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து விட்டு, சந்தோஷமாக வந்திருக்கிறோம். அன்று அவன் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அதனால் மறுப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த மாதம் கணக்கும் கடிதமும் என் பொறுப்பு. அங்கிளிடம் பேச வேண்டியவள் நான். புகைப்படம் இல்லாமல், டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குத் தனியாகப் போனேன்.

லோரிகள் நிற்கிற இடத்துக்குள் அவருடைய அலுவலகம். சுவரில் அம்மாவின் படம்; சந்தன மாலை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். “வாம்மா. ஃபோட்டோ வந்திடுச்சா?”

டின்னை மேசை மேல் வைத்தேன். திறந்து பார்த்தார். ஒரு தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தார்.

“எங்கம்மா பேர கழட்டிட்டாங்களா?”

“ஆமா அங்கிள்.”

“ஏன்? புடிக்கலயா?”

நடந்ததைச் சொன்னேன். சோளக் காசு, ஊர்க்கூட்டம், நேமாவின் அப்பா, திருப்புளி. எதையும் மழுப்பவில்லை. அவர் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு, வியாபாரிக்கே உரிய வேகத்தில் ஒரு வழி சொன்னார்.

“இவ்ளோதானே? அவங்க குடுத்த பாதியையும் நானே குடுத்திடறேன். திருப்பி அனுப்பிச்சிரு. முழுசும் என்னோடதுன்னு ஆயிடும். தகடும் பொய்யில்ல, யார் காசும் போவல. பிரச்சின முடிஞ்சிச்சி.”

ஒரு கணம் நானும் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. வாசலில் ஒரு லோரி பின்னால் வந்துகொண்டிருந்தது. யாரோ “கோஸ்தான், கோஸ்தான்” என்று பின்னுக்கு வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கிற வரை யோசித்தேன்.

“இப்ப காசு திரும்பிப் போனா, நேமாவோட அப்பா மாட்டிக்கிட்டதும் திருப்பிக் குடுத்திட்டாருன்னுதான் ஊரு சொல்லும், அங்கிள்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

“அவரு பேரு கெடக்கூடாது. எங்கம்மா பேர கழட்டலாம். அப்படித்தானே?”

பட்டம் வாங்கியவள், நன்றாகப் பேசத் தெரிந்தவள் என்று எனக்கிருந்த கர்வமெல்லாம் அந்த நாற்காலியில் ஒன்றுக்கும் உதவவில்லை. “மன்னிச்சிருங்க அங்கிள், பட்டறையும் வேணாம்” என்றேன். தகடு இல்லாமல், பெயர் இல்லாமல் உதவுவீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்க அது இடமில்லை என்று தெரிந்தது. கேட்கவில்லை.

“டின்ன எடுத்திட்டுப் போ,” என்றார். “கழட்டுன பேர நான் எங்க வெக்கிறது?”

ரயிலில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நின்று கிளம்பும்போது தகடுகள் உள்ளே அசைந்தன. அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். என் வேலையைப் பற்றி அம்மா எதுவுமே கேட்டதில்லை. அன்று ஒன்று கேட்டார்.

“அந்தம்மா பேரு என்னா சொன்ன?”

“அஞ்சலை.”

“நல்ல பேரு,” என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக் கூடியதுதான். அன்னதானம் நடந்தது, அறிவிப்பு இல்லை. லோரி நின்றது. கோயில் வழியாக வந்துகொண்டிருந்த மற்ற உதவிகளும் நின்றன. ஒருவன் சிங்கப்பூர் போனான். ஒருத்திக்குத் திருமணம். செல்வாதான் கடைசி. அவனுக்குச் சுபாங்கில் ஒரு நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தது. தன் கருவிகளைத் துடைத்து ஒரு பக்கமாக அடுக்கி வைத்தான். “இது எல்லாம் இங்கயே இருக்கட்டும்,” என்றான். என்னைக் குறை சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனான். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேமா படிப்பை முடித்துப் புறப்பட்ட அன்று சுபாங் விமான நிலையத்தில் வழியனுப்ப நான் ஒருத்திதான். உள்ளே போகும் முன் அவள் சொன்னாள்: “அப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறார். ஒரு முழுப் பட்டறையை இலவசமாகத் தர ஒருவர் வந்தார், நம் பாதியைக் காப்பாற்ற அந்த நாட்டுப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று. அவ்வளவு பெரியதை வேண்டாம் என்பவர்கள் சோளக் காசுக்கா ஆசைப்படுவார்கள் என்று அந்தப் பெரியவரே கேட்டாராம்.”

“அப்ப உங்க அப்பா?”

“செங்கல் சுடும் வேலையை அவரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். பட்டறையை ஊரே கட்டப் போகிறது. மெதுவாக. உங்கள் பிரிக்பீல்ட்ஸில் பெயரில் மட்டும்தான் செங்கல் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்து பார்.”

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் பஸ்ஸில் திரும்பி வந்து, அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, யாரும் இல்லாத மேசையில் பெட்டிக்கு உப்புத்தாள் தேய்த்தேன். அப்படியே நாட்கள் போயின. ஒரு நாளில் நான் பேசிய பேச்சு, கீழ்க்கடையில் டீ சொன்னது மட்டுமாக இருந்த நாட்கள் உண்டு. பின்பக்க ரயில் பாதைகளைப் பெயர்த்துப் பெரிய நிலையம் கட்டத் தொடங்கினார்கள். அந்தத் தூசியை மேசையிலிருந்து துடைப்பதும் என் வேலையில் சேர்ந்தது. செய்தது சரிதான் என்று தெரிந்திருந்தது. அது துணைக்கு வரவில்லை. சரியாக முடிவெடுத்தால் மனம் நிறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் முழுக்க நம்பிவிடாதீர்கள். சில முடிவுகளுக்குப் பிறகு அறை காலியாகத்தான் இருக்கும். அந்த அறையிலும் உட்கார்ந்து வேலை செய்யப் பழக வேண்டும்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஒருவர், இருவர், அப்புறம் உங்கள் நண்பர்கள். இப்போது எனக்கு உட்கார நாற்காலி கிடைப்பதில்லை. அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். எழுதினால் விதியை மாற்றச் சொல்லிக் கேட்டுவிடுவேன்.

கடைசியாக ஒன்று. நேமாவின் ஊர்ப் பட்டறை இப்போது பெட்டி செய்கிறது. பக்கத்துப் பள்ளிகளுக்கு அவர்களே விற்கிறார்கள், நம்மிடம் வாங்குவதில்லை. நமக்கு ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார் என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். போன வருடக் கடைசியில் நான் நேமாவுக்குப் போன் செய்தேன்.

“எங்க டெங்கில் ஸ்கூலுக்குப் பெட்டி வேணும். தோழிக்கு என்ன விலை?”

“தோழிக்குத் தனி விலை கிடையாது லா,” என்றாள். எங்களிடம் தொற்றிக்கொண்ட அந்த ‘லா’வை அவள் இன்னும் விடவில்லை.

தலைமை ஆசிரியர் முதலில் நம்பவில்லை. “ஆப்பிரிக்காவுல இருந்து வருதா? நீதானே அங்க அனுப்பிக்கிட்டு இருந்த?”

“இப்ப அங்கருந்து வாங்கறேன் சார். பாதி பெத்தவங்க குடுக்கணும். பாதி நான்.”

“பால் வெட்டறவங்ககிட்ட காசு கேக்கச் சொல்றியா?”

“சோளம் நட்றவங்ககிட்ட கேட்டோமே சார்.”

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். பெற்றோர் கூட்டம் போட்டார். பேச்சு வளர்ந்தது, சத்தமும் வந்தது. சில மாதங்களில் பாதி சேர்ந்தது. பள்ளியில் இப்போது பிள்ளை யாரும் இல்லாத என் அம்மாவும் தன் பங்கைக் கொடுத்தார். பாதி சேர்ந்த அன்று நடந்த கூட்டத்தில் தலைமை ஆசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார்:

“தேவகி, பெட்டி மூடியில ஒரு தகடு அடிச்சிடலாமா? முன்னாள் மாணவி உபயம்னு. ஒன் பேரு வேணாம்னா அம்மா பேர போட்டுருவோம். அவங்களுக்கும் சந்தோசமா இருக்கும்லா.”

கடைசி பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செக்ரோலைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தப் பெயர், பிள்ளைகள் தினமும் தொட்டுத் திறக்கிற ஒரு மூடியில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் மனதில் பார்த்துவிட்டேன். எழுத்துகூட எனக்குத் தெரிந்தது. கிள்ளான் அங்கிள் அன்று என்ன கேட்டார் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அதுவரை புரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“போடுங்க சார்,” என்றேன். “காசு குடுத்த எல்லார் பேரையும் போடுங்க.”

“அப்புறம் மூடியில எடம் ஏது?” என்று அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. தகடு பேச்சு அதோடு போனது. அம்மா சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் பெட்டிகள் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று மாலையே கிள்ளானுக்குப் போன் போட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு.

“அங்கிள், நான் தேவகி. ஒரு லோரி வேணும். டெங்கிலுக்கு.”

அவர் பக்கம் லோரி ஒன்று உறுமுவது கேட்டது. பிறகு, “அந்தத் தகடெல்லாம் எங்க?”

“எங்கிட்டதான் இருக்கு அங்கிள். ரூம்ல.”

“வெச்சிரு,” என்றார். “லோரி தரேன். வாடக முழுசா வாங்குவேன்.”

அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்த டின்னை மட்டும் அதே இடத்தில் விடுங்கள்.

நேற்றுக் காலை கிள்ளானுக்குப் போய் வாடகையை முன்பணமாகவே கட்டிவிட்டு, லோரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். துறைமுகத்தில் பெட்டிகள் ஏறின. டெங்கில் தாண்டித் தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டி திரும்பியபோது, பின்னால் காந்தங்களும் வில்லைகளும் குலுங்குகிற சத்தம் கேட்டது. பள்ளி வாசலில் தலைமை ஆசிரியர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கி, வணக்கம் சொல்லி, முழு விலை போட்டு நேமா அனுப்பிய பில்லை அவர் கையில் கொடுத்தேன்.